மெத்தையை எரித்த வீடு

இதை நான் அடுப்பெரிகிற குசினியோடு சேர்த்து இறக்கிய சின்ன அறையில் இருந்து எழுதுகிறேன். முன்னால் கிணறு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் வீடு. என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. இப்போது என் மூத்த மகள் நசீமாவுடையது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் வீட்டைச் சுற்றிய அதே வளவுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நான் ஒதுங்கியது வழக்கத்துக்காக மட்டும் அல்ல. அந்த வீட்டுக்குள் போய் இருந்தால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். பெரிய பிள்ளையானதும் வீட்டுக்குள் இருத்திவிட்டார்கள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கொஞ்ச நாளாக மூச்சு அடங்கிக் கிடக்கிறது. அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல ஏலாது. அதற்குள் எழுதி வைத்தால் என்னைப்போல அலைகிற யாருக்காவது உதவும் என்று என் மாப்பிள்ளை, என் பிள்ளைகளின் வாப்பா, சொன்னார். உதவுமோ என்னவோ. எனக்கு ஒன்றும் உதவவில்லை.

தொய்வு, ஆஸ்துமா என்பார்களே, அது வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வராதவர்களுக்குச் சொல்கிறேன். மூச்சு உள்ளே போகாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே போன மூச்சு வெளியே வராது. நெஞ்சு நிறைந்துபோய் நிற்கும், அதற்கு மேல் ஒரு சொட்டுக் காற்றுக்கும் இடம் இருக்காது. பக்கத்தில் நிற்பவர்கள் "நல்லா இழுத்து மூச்சு எடுங்க" என்று சொல்லும்போது அவர்களை அடிக்க வேண்டும் போல இருக்கும். அடிக்கக் கையைத் தூக்கவும் மூச்சு வேண்டுமே.

எனக்கு முதலில் பெரிதாக வந்தது பெரும்போக நெல் வீட்டுக்கு வந்த நாளில். நாங்கள் நிந்தவூர். என் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வயல் உண்டு. மூடைகளை நடு அறையில் கூரை தொடுகிற அளவுக்கு அடுக்குவோம். நெல் இருக்கிற வீடு என்றால் வருகிறவர்களுக்கும் ஒரு மதிப்பு. மூடை இறக்கி முடிந்ததும் உமித்தூளை விளக்குமாற்றால் கூட்டி அள்ளினேன். வெள்ளி இரவு என்றபடியால் சட்டியில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, அறை அறையாகக் காட்டினேன். வீடு துப்புரவாக இருக்க வேண்டும் என்றுதான் இரண்டையும் செய்தேன். கடைசி அறைக்குப் போகவில்லை. வாசற்படியில் குந்தி, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருந்துவிட்டேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தம். நசீமா ஓடிப்போய் வாப்பாவைப் பள்ளிவாசலில் இருந்து கூட்டி வந்தாள். நெல் இறக்கிவிட்டு நின்ற உழவு மெசினின் பெட்டியிலேயே என்னை ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ரப்பர்க் குழாய் வைத்தார்கள். கை நரம்பில் ஒரு பெரிய ஊசி. அதை ஒரே தள்ளாகத் தள்ளக் கூடாதாம், நெஞ்சு படபடத்துப்போகும். நர்ஸ் மிஸ்ஸி என் பக்கத்தில் கட்டிலிலேயே இருந்து துளித்துளியாகத் தள்ளினார். கல்முனைத் தமிழ்ப் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவப் பிள்ளை, கிரேஸ் என்று பெயர். மெதுவாகத் தள்ளியும் என் நெஞ்சு அடித்த அடியில் இதுதான் மௌத்து என்று நினைத்துக் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"உம்மா, அதெல்லாம் இப்ப வேணாம்," என்றார் அவர். "அல்லாஹ் இன்னும் கூப்பிடல்ல. என்ட முகத்தப் பாருங்க. ஊசி முடியுமட்டும் வேற ஒண்டையும் பாக்காதீங்க."

பார்த்தேன். ஊசி முடிவதற்குள் காற்று வெளியே வரத் தொடங்கியது. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் என் பயம் வேறு. தொய்வை நான் நினைக்கவே இல்லை. கசம் என்றுதான் நினைத்தேன். டி.பி. என்பார்களே, அது. என் சின்ன மாமா கசத்தில்தான் மௌத்தானவர். அவரை அடக்கிவிட்டு வந்த கையோடு அவர் படுத்த பாயையும் மெத்தையையும் தலையணையையும் வளவு மூலையில் எரித்தார்கள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் ஊரில் கசம் வந்த வீட்டை அப்படித்தான் கழுவுவது. காலம் இல்லாத காலத்தில் ஒரு வளவுக்குள் மெத்தை எரிகிற புகை எழும்பினால், என்ன ஏது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலே விளங்கிக்கொள்வார்கள். மாமாவின் மகளைப் பெண் கேட்டு அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள்.

எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நசீமாவுக்கு அப்போதுதான் அக்கரைப்பற்றில் இருந்து ஒரு சம்பந்தம் கதைத்து வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வாத்தியார். இளையவள் ரிஹானா சின்னவள். இருமும்போதெல்லாம் என் வாயில் வைத்த துணியில் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நான் பாதியாகிவிட்டேன்.

கொஞ்சம் தேறியதும் நெஞ்சுக் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். அங்கே நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடிப்பார்கள், சளியைச் சின்னப் போத்தலில் எடுத்துச் சோதிப்பார்கள். வெளியே காத்திருக்கப் போட்ட நீள வாங்கில் குந்தியிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு இருந்தேன். அப்படியும் ஒரு குரல் வந்தது.

"என்னகா, நீயா இங்க?"

எங்கள் வேலிக்கு அடுத்த வளவு சுபைதா. தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சும்மா, சளி கட்டியிரிக்கி. காட்டிட்டுப் போவம் எண்டு வந்த," என்றேன்.

"ஓம் ஓம். இவருக்கும் சும்மா சளிதான்," என்றாள். அவளும் பொய், நானும் பொய். இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் அவளுக்குக் கட்டிக்கொடுக்கப் பெண்பிள்ளை இல்லை.

முடிவு சொன்ன டொக்டர் யாழ்ப்பாணத்தவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்மா, உங்களுக்குக் கசம் இல்லை. படமும் நல்லாக் கிடக்கு, சளியிலும் ஒண்டும் இல்லை. இது தொய்வு. ஒருத்தருக்கும் தொத்தாது. ஆனா பிள்ளையளுக்குப் பரம்பரையா வரலாம்."

அவர் சொன்னது இரண்டு விஷயம். தொத்தாது என்பதை நான் ஊரெல்லாம் சொன்னேன். மற்றதை என் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு அவர் விளங்கப்படுத்தினார். சுவாசப்பைக்குள் மரத்தின் கிளை மாதிரிச் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன. சிலருடைய குழாய்க்குத் தூசு பிடிக்காது. தூசு பட்டவுடன் அது இறுகி, வீங்கி, சளியால் அடைத்துக்கொள்ளும். எல்லாத் தூசும் இல்லை, வீட்டுக்குள் இருக்கிற தூசுதான் மோசம்.

"வீட்டில இலவம் பஞ்சு மெத்தை கிடக்கோ?"

"இரிக்கி டொக்டர்."

"தலகணி?"

"அது நிறைய இரிக்கி."

"நெல்லு?"

"அதுவும் இரிக்கி."

"சாம்பிராணி போடுறனீங்களோ?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சியள் மெத்தைக்குள்ள இருக்குது அம்மா. எங்கட உடம்பில இருந்து உதிருற தோலைத் திண்டு வாழுது. அதின்ர கழிவு தூசோட சேர்ந்து எழும்பி உங்கட மூச்சுக்குள்ள போகுது. வார்ட்டில கிடந்த நேரம் நீங்கள் நல்லா மூச்சு விட்டனீங்கள்தானே? ஏன்? இரும்புக் கட்டில், ரெக்சின் போட்ட மெத்தை, ஈரத்துணியால துடைச்ச சீமெந்து நிலம். வீட்டையும் இப்படி வைச்சிருங்கோ. இல்லாட்டி நான் எழுதுற மருந்தால பெரிசாப் பிரயோசனம் இல்லை."

கசம் இல்லை என்ற சந்தோசத்தில் வரும் வழியில் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். என் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து, "நல்ல செய்திக்கும் அழுகிறியா? கெட்டதுக்கு என்ன செய்வாய்?" என்று பகிடி பண்ணினார்.

அவர் அதிகம் கதைக்காத மனிசன். ஆனால் டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தார். நெல் மூடைகளைத் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். ஜன்னல் சீலைகளைக் கழற்றினார். விளக்குமாற்றை வாசலோடு நிறுத்தினார். வீட்டுக்குள் ஈரச் சாக்கால் துடைப்பது மட்டும்தான். காய்ந்த விளக்குமாறு தூசை எடுக்காது, இடம் மாற்றும், அதனால் கூட்டிய பிறகுதான் முட்டு அதிகமாகும். படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருதடவை கொதிநீரில் அவிக்கிற மாதிரித் துவைத்து, பிள்ளைகள் கடும் வெயிலில் போட்டார்கள். கொசுவுக்குக் கொளுத்துகிற நுளம்புத்திரியும் இல்லை, சாம்பிராணியும் இல்லை, பூனையும் இல்லை. கட்டிலில் பாய் மட்டும். ஆம்பிளை நிலம் துடைப்பதை அக்கம்பக்கம் பார்த்துச் சிரிக்கும் என்று அவர் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே துடைத்து முடித்துவிடுவார். எனக்கு அந்த வேலையைத் தரவே இல்லை. தூசு எழும்பும்போது நான் கிணற்றடியில் நிற்க வேண்டும்.

மிஞ்சியது மெத்தைகளும் தலையணைகளும். எங்கள் வீடுகளில் தலையணை என்பது தலை வைக்க மட்டும் அல்ல. பெண்பிள்ளை பிறந்த நாளில் இருந்து வளவு இலவ மரத்துப் பஞ்சைச் சேர்த்து, தைத்து, உறைக்குப் பூவேலை செய்து, கட்டிலில் அடுக்கி வைப்போம். வீடு பார்க்க வருகிறவர்கள் அந்த அடுக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். நசீமாவுக்காக நான் அடைத்தவை ஒரு கட்டிலை மூடிக் கிடந்தன. அந்தப் பஞ்சு அடைத்த காலத்திலேயே என் நெஞ்சு கெட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். யாருக்காவது கொடுக்கலாம் என்றால், நோயாளி வீட்டு மெத்தையை யார் வாங்குவார்? ஒரு காலையில் அவர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுபோய் வளவு மூலையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார். பிறகு என் அறைக்குச் சுண்ணாம்பும் அடித்தார், சுவர் பூஞ்சணம் பிடித்திருந்தபடியால்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், அன்றைக்கு மட்டும் ஒன்றும் நினைக்கவில்லை. பஞ்சு எரிகிற மணம் வேலியைத் தாண்டிப் போனது. சுபைதா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நல்ல நாட்கள் இருந்தன, மறைக்கக் கூடாது. மல்லாந்து படுத்து நித்திரை செய்தேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். ஒரு தடவை ரிஹானா ஏதோ சொல்ல வாய்விட்டுச் சிரித்தேன், இருமல் வரவில்லை. வெறும் சுவர், வெறும் கட்டில், ஈர நிலம். பார்க்கிறவர்களுக்கு மௌத்து வீடு மாதிரி இருந்திருக்கும். எனக்கு அதுதான் ஹயாத்து, உயிர்.

நோன்பு வந்தது. நோன்புக் கஞ்சி காய்ச்சி வழக்கம்போலச் சுபைதா வீட்டுக்கு ஒரு கோப்பை அனுப்பினேன். கோப்பை கழுவித் திரும்பி வந்தது, ஆனால் வெறுமையாக. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு ஈத்தம்பழமாவது இருக்கும். கொஞ்சம் பொறுத்துக் கிணற்றடிக்குப் போனேன். வேலி இடுக்கால் பார்த்தால், அவளுடைய கோழிகள் என் கஞ்சியைக் கொத்திக்கொண்டிருந்தன.

அக்கரைப்பற்றில் இருந்தும் பேச்சு நின்றுபோனது. வரும் என்ற ஆள் வரவில்லை. என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாதான் கடைசியில் வந்து உடைத்துச் சொன்னாள். வந்தவள் வாசலிலேயே கதிரையைப் போட்டுக்கொண்டாள்.

"அடியே, ஊருக்குள்ள என்ன கதைக்கிறாங்க எண்டு தெரியுமா உனக்கு?"

"என்ன?"

"நெஞ்சுக் கிளினிக் வாங்கில இருந்தாளாம், மெத்தைய எரிச்சாங்களாம், சுண்ணாம்பு அடிச்சாங்களாம். பிறகென்ன கதைப்பாங்க? கசம் எண்டுதான் கதை."

"டொக்டர் இல்ல எண்டு சொல்லிட்டார் ராத்தா. இது தொத்தாது."

"டொக்டர் உனக்கிட்டச் சொன்னார். ஊருக்கு வந்து சொன்னாரா?"

நான் ஓடிப்போய் நெஞ்சுப் படத்தை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "பாருங்க ராத்தா, நல்லாப் பாருங்க. ஒண்டும் இல்ல."

ராத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யா அல்லாஹ்! வெறும் எலும்பாக் கிடக்கு. சதையே இல்லயே புள்ள! இத ஒருத்தருக்கும் காட்டிப் போடாத."

நசீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் அழத் தொடங்கினேன்.

ராத்தா போய்த் தன் மாப்பிள்ளையின் சொந்தக்காரர் மூலம் அக்கரைப்பற்று ஆட்களோடு கதைத்தாள். அவர்கள் ஒரேயடியாக மறுக்கவில்லை. நாங்களே வந்து வீட்டையும் ஆட்களையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். ராத்தா எங்கள் வெறும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்த வீட்டப் பாத்தா யார் வருவாங்க? மெத்த இல்ல, தலகணி இல்ல, சீல இல்ல, ஒரு மூட நெல்லு இல்ல. ஒரு நாளைக்காவது இத வீடு மாதிரி ஆக்குங்க."

"ஏலாது," என்றார் என் மாப்பிள்ளை. "இவள் செத்துப் போவாள்."

"எனக்கு இந்தக் கலியாணம் வேணாம் உம்மா," என்றாள் நசீமா.

நான் அவளைப் பார்த்தேன். என் மாமாவின் மகளும் அந்த வயதில் அப்படித்தான் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே முடி நரைத்துவிட்டது. "ஒரு நாள்தானே, என்னால ஏலும்," என்றேன். என் மாப்பிள்ளையை நான் எதிர்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.

மூடைகள் திரும்பி வந்தன. ராத்தா தன் வீட்டு மெத்தைகளையும் தலையணைகளையும் கொண்டுவந்து அடுக்கினாள். சீலை தொங்கியது. அன்று காலையில் சாம்பிராணியும் போட்டாள். போடாத வீட்டில் என்னவோ இருக்கிறது என்று நினைப்பார்களாம். நான் டொக்டர் தந்த குளிசை மாத்திரையைச் சொன்னதைவிடக் கூடப் போட்டுக்கொண்டேன். அந்த மருந்தின் வேகத்தில் நெஞ்சு அடித்தது. ஆனால் மூச்சு என் பக்கம் நின்றது.

அக்கரைப்பற்று மாப்பிள்ளையின் உம்மாவும் அவருடைய மூத்த மகளும் வந்தார்கள். நல்ல மனிசிதான், குறை சொல்ல ஏலாது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தலையணை அடுக்கைத் தடவிப் பார்த்தார். "வாங்களேன் மச்சி, இதுல இரிப்பம்," என்று உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு என்னையும் மெத்தையில் தன் பக்கத்தில் இருத்தினார். அவர் இருந்தபோது மெத்தையில் இருந்து தூசு எழும்பி ஜன்னல் வெயிலில் மினுங்கியதை நான் கண்டேன். டொக்டர் சொன்ன பூச்சி எல்லாம் அதற்குள் நீந்துகிற மாதிரி இருந்தது. அவர் ஏதும் கேட்டால் ஓம், இல்லை என்று மட்டும் சொன்னேன்.

"அடக்கமான ஆள்," என்று மகளிடம் சொன்னார்.

சாப்பாட்டு நேரம்தான் எல்லாம் முடிவாகிற நேரம். எங்களில் விருந்து என்றால் சஹன் வைப்போம்: ஒரு பெரிய தட்டில் சோறு, அதைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. கசம் என்று ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் யாரும் என்னோடு ஒரு சஹனில் கை வைக்கமாட்டார்கள். ராத்தா தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய் இருந்தேன். ராத்தாவும் இருந்தாள். அந்த மனிசி நின்றபடி ஒரு கணம் யோசித்தார். நான் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி விழித்துவிட்டது. அதன் சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாது என்று காறித் தொண்டையைச் செருமினால் அதுவே இருமலாகிவிடும்.

அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். ஒரு இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளினார்.

"தின்னுங்க மச்சி. மெலிஞ்சி போயிரிக்கீங்க. எங்கட மகன் வந்த பொறகு நல்லாத் தின்னணும்."

நான் தின்றேன். அவர்களுடைய கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று கை காட்டினேன். பிறகு விழுந்துவிட்டேன்.

அன்றைக்கு ரோட்டில் ஏதோ குழப்பம் என்று பஸ் ஓடவில்லை. கார் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது என் நகம் நீலம் பாய்ந்திருந்ததாம். இந்தத் தடவை அந்த ஊசிக்கு மூச்சு இறங்கவில்லை. வேறு ஊசி, சேலைன் போத்தல், பிறகு முகத்தை ஊதவைக்கிற குளிசை. கிரேஸ் மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு என் காலைப் பிடித்துவிட்டார். எனக்குக் கதைக்க முடிந்தபோது டொக்டர் கட்டிலடியில் நின்றார்.

"அம்மா, உங்களுக்கு நான் என்ன சொன்னனான்?"

அந்த மனிசி என் தட்டில் கை வைத்தார் என்று சொன்னால் அவருக்கு விளங்குமா? "நீங்க சொன்னது சரி டொக்டர்," என்றேன். "அங்க அப்படி இரிக்க ஏலாது."

அந்த வார்ட்டில் நிறைய நாள் இருந்தேன். என் மாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் சோறு கொண்டு வருவார். தின்னும் வரைக்கும் பார்த்திருந்து பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார். நெல் விற்று மருந்து வாங்கினார், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரும்புக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இந்த இடத்திலேயே இருந்துவிட்டால் என்ன என்று நான் நினைத்தது உண்டு. இங்கே மெத்தைக்கு ரெக்சின் போட்டதற்காக யாரும் யாரையும் ஒதுக்குவதில்லை.

கலியாணம் நடந்தது. பெண் வீட்டார் புது மெத்தை, புதுத் தலையணை வைக்க வேண்டும், வைத்தோம். பஞ்சு அடைத்தபோது என்னை ராத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகன் நல்லவர், என்னை உம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் இந்த அறைக்கு வந்தேன். இங்கே மெத்தை இல்லை, நெல் இல்லை. ஆனால் குசினிப் புகை இருக்கிறது, மண் நிலம் இருக்கிறது. முன்பு மாதிரிப் பெரிதாக அடிக்கடி வருவதில்லை, முழுதாகப் போவதும் இல்லை. முன்பு குழாய் திரும்பத் திறந்துகொண்டது, இனி அவ்வளவு திறக்காது என்றார் டொக்டர். நசீமா பிள்ளை பெற்றுக் கிடந்த நாற்பது நாளும் அந்த அறையில் சாம்பிராணிப் புகை. என் பேரனை நான் ஜன்னலால்தான் பார்த்தேன்.

போன கிழமை காலையில் அறை வாசலில் வந்து இருந்தேன். நசீமாவின் கலியாண மெத்தை வேலியில் காய்ந்துகொண்டிருந்தது.

"நசீமா! உள்ளுக்கு எடு! ஆக்கள் பாக்கப் போறாங்க!"

என் குரல் கிணற்றைத் தாண்டாது. அதற்குள் சுபைதாவின் தலை வேலிக்கு மேல் வந்துவிட்டது.

"என்ன புள்ள, உங்கட வீட்டுல திரும்பவும் மெத்தையா?"

நசீமா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ஓம் மாமி. உங்கட பேரன் இவன் ராவெல்லாம் மூத்திரம் பெஞ்சி நாறடிச்சிட்டான்."

"ஆம்புளப் புள்ள எண்டா அப்படித்தான்! நல்லாப் பெய்யட்டும்," என்று சிரித்துக்கொண்டு சுபைதா போய்விட்டாள்.

என் பிள்ளையின் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

"உம்மா, இவன் மூத்திரம் பெய்யல்ல," என்றாள். "நெஞ்சில காத வச்சிப் பாருங்க."

வைத்தேன். அதற்கு டொக்டர் தேவையில்லை, படம் தேவையில்லை. எனக்குத் தெரிந்த அந்தப் பூனைக்குட்டிதான், இன்னும் சின்னது.

"எரிச்சிப் போடுவமா உம்மா?"

கிணற்றடியில் ரிஹானா பள்ளிக்கூடம் போக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அவளையும் கேட்டு ஆட்கள் வர வேண்டும். நான் அவளைப் பார்த்தேன். நசீமாவும் பார்த்தாள்.

வெயில் சாயும் வரைக்கும் மெத்தை வேலியில் கிடந்தது. பிறகு நசீமா அதைத் தூசு எழும்பாமல் மெதுவாகத் தோளில் ஏற்றி, வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள். பிள்ளை என் மடியில் நித்திரையாகிவிட்டான். கொஞ்ச நேரத்தில் வந்து அவனையும் தூக்கிக்கொண்டு போனாள்.